திருப்பிச் சொல்பவள்

ஒரு விண்கலத்தில் ஐந்து பேர் இருக்கிறார்கள். ஒருவர் தளபதி. ஒருவர் வேற்றுக்கிரகத்து அறிவாளி. ஒருவர் எந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர். கலத்தை ஓட்டுபவன் ஒரு சிறுவன். ஐந்தாவது ஆள் ஒரு பெண். அவளுக்கு ஒரே ஒரு வேலைதான். கணினி என்ன சொல்கிறதோ அதை அப்படியே தளபதியிடம் திருப்பிச் சொல்ல வேண்டும். கணினி எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகத்தான் பேசுகிறது. தளபதிக்கும் காது நன்றாகக் கேட்கிறது. இருந்தாலும் அவள் திருப்பிச் சொல்கிறாள்.

'கேலக்ஸி க்வெஸ்ட்' என்ற அமெரிக்கப் படத்துக்குள் வரும் ஒரு பழைய தொலைக்காட்சித் தொடரின் கதை இது. டீன் பாரிசாட் இயக்கிய அந்தப் படம் 1999 டிசம்பரில் வெளியானது. 'ஸ்டார் ட்ரெக்' வகைத் தொடர்களையும், அவற்றில் நடித்தவர்களையும், அவற்றின் ரசிகர்களையும் சேர்த்துக் கேலி செய்யும் பகடிப் படம். தொடர் நின்றுபோய்ப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அதில் நடித்தவர்கள் அதே உடையை மாட்டிக்கொண்டு கடைதிறப்பு விழாக்களுக்கும் ரசிகர் கூட்டங்களுக்கும் போய்ப் பிழைக்கிறார்கள். அப்போது உண்மையான வேற்றுக்கிரகவாசிகள் வருகிறார்கள். 'தெர்மியன்கள்' என்ற அந்த அப்பாவிகளுக்கு நடிப்பு என்றால் என்னவென்றே தெரியாது. தொலைக்காட்சியில் பார்த்ததையெல்லாம் வரலாற்று ஆவணம் என்று நம்பி, தொடரில் வந்த விண்கலத்தை அச்சு அசலாகக் கட்டி வைத்துக்கொண்டு, தங்கள் எதிரியிடமிருந்து காப்பாற்றச் சொல்லி இந்த நடிகர்களை அழைத்துப் போகிறார்கள்.

திருப்பிச் சொல்லும் பெண்ணாக சிகோர்னி வீவர் நடித்திருக்கிறார். பாத்திரத்தின் பெயர் க்வென். உண்மையான விண்கலத்திலும் அவள் பழக்கதோஷத்தில் கணினி சொன்னதைத் திருப்பிச் சொல்கிறாள். கூட இருக்கும் ஒருவன் எரிச்சலாகி, இதை நிறுத்தேன் என்கிறான். இந்தக் கப்பலில் எனக்கென்று இருப்பது இந்த ஒரு வேலைதான், மடத்தனமான வேலைதான், ஆனாலும் இதைச் செய்யத்தான் போகிறேன் என்று அவள் கத்துகிறாள். தன்னைப் பேட்டி எடுத்த பத்திரிகை பத்தி பத்தியாகத் தன் மார்பைப் பற்றியே எழுதியது என்று படத்தின் தொடக்கத்திலேயே சலித்துக்கொள்பவளும் அவள்தான்.

இந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு நிஜம் இருக்கிறது. 1966இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்'கில் உஹுரா என்ற தகவல் தொடர்பு அதிகாரியாக நிச்செல் நிக்கல்ஸ் நடித்தார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு கறுப்பினப் பெண்ணை வேலைக்காரியாக இல்லாமல் அதிகாரியாகக் காட்டியது பெரிய விஷயம். ஆனால் வாரா வாரம் அவருக்குக் கிடைத்த வசனம், தொடர்பு கிடைத்துவிட்டது, அலைவரிசை திறந்திருக்கிறது என்பதைத் தாண்டி அதிகம் நீளவில்லை. முதல் ஆண்டு முடிந்ததும் விலகிவிட நினைத்ததாகவும், மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்தபோது அவர் போகக் கூடாது என்று கேட்டுக்கொண்டதாகவும் நிக்கல்ஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். பின்னாளில், 1977இல், நாசாவுக்காக ஊர் ஊராகப் போய், பெண்களும் கறுப்பினத்தவரும் விண்வெளி வீரர் பணிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று பேசினார். 1978இல் தேர்வான 35 பேரில் ஆறு பேர் பெண்கள். நாசா பெண்களைத் தேர்ந்தெடுத்தது அதுதான் முதல்முறை. திரைக்குள் திருப்பிச் சொல்ல வைக்கப்பட்டவர் திரைக்கு வெளியே சொந்தமாகப் பேசியபோது நடந்தது அது.

வீவரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1979இல் 'ஏலியன்' படத்தில் ரிப்ளி என்ற அதிகாரியாக வந்தவர் அவர். அந்தத் திரைக்கதையில் பாத்திரங்கள் எல்லாமே ஆணோ பெண்ணோ யார் வேண்டுமானாலும் நடிக்கலாம் என்ற குறிப்போடு எழுதப்பட்டவை. அதனால்தான் ரிப்ளி யாருக்கும் மனைவியாகவோ காதலியாகவோ இல்லாமல் தன் வேலையைச் செய்யும் ஓர் ஆளாக இருந்தாள். பெண் என்று நினைத்து எழுதாதபோது பெண்ணுக்கு ஒரு முழு மனித வேடம் கிடைத்தது. இருபது ஆண்டு கழித்து அதே நடிகை பொன்னிற விக்கை மாட்டிக்கொண்டு, பெண் என்று நினைத்து எழுதினால் என்ன கிடைக்கும் என்பதை நடித்துக் காட்டினார்.

இந்தப் படத்தின் டிவிடி எங்கள் வீட்டுக்கு வந்தது விடுதித் தோழி ஒருத்தியின் வழியாக. எங்கள் மணலூர்பேட்டையிலிருந்து திருவண்ணாமலை போய்ப் படித்த காலம். அவளுடைய அண்ணன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த தட்டு அது. தமிழ் ஒலி கிடையாது. ஆனால் தெர்மியன் மொழியில் ஒலித்தடம் உண்டு. முழுப் படத்தையும், எல்லாருடைய வசனத்தையும், அந்த வேற்றுக்கிரகவாசிகளின் கீச்சொலியில் கேட்கலாம். இல்லாத ஒரு மொழிக்காக யாரோ உட்கார்ந்து ஒரு படம் முழுவதும் டப்பிங் செய்திருக்கிறார்கள். விளையாட்டுக்குத்தான் என்றாலும், யாருக்கு ஒலித்தடம் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்ற கேள்வி அந்தக் கீச்சொலியிலேயே எனக்கு எழுந்துவிட்டது.

ஒரு விடுமுறையில் அம்மாவுக்கு அந்தப் படத்தை மடிக்கணினியில் போட்டு, நிறுத்தி நிறுத்திக் கதை சொன்னேன். க்வென் திருப்பிச் சொல்லும் இடத்தில் அம்மா கேட்டாள். "அதான் அந்த மெஷினே சொல்லிட்டுதே, இந்தப் பொம்பள எதுக்குத் திருப்பிச் சொல்லுது?" அதுதான்மா தமாஷ் என்றேன். "இதுல என்னாடி தமாஷு? கூத்துல பின்பாட்டுக்காரங்க பாடறதில்லையா?" என்றாள்.

எங்கள் பக்கத்துக் கூத்து பார்த்தவர்களுக்கு அம்மா சொன்னது புரியும். வேடம் கட்டியவர் ஓர் அடி பாடி முடித்ததும், பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் அதே அடியை வாங்கிப் பாடுவார்கள். அவர்கள் வாங்கிப் பாடினால்தான் வேடக்காரருக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில்தான் அவர் அடவு போட முடியும். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் பாட்டு போய்ச் சேரும். விடியவிடியக் கூத்து நடப்பது பின்பாட்டு இருப்பதால்தான். பெயர் என்னவோ வேடக்காரருக்குத்தான்.

அம்மா சொன்ன பிறகு எங்கள் வீட்டையே வேறு காதால் கேட்கத் தொடங்கினேன். தை 5ஆம் தேதி எங்கள் ஊரில் ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தென்பெண்ணைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். சொந்தக்காரர்களை எல்லாம் அழைக்க வேண்டும். அப்பா கட்டிலில் உட்கார்ந்து சொல்வார். அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு திருப்பிச் சொல்வாள். "அவரு எல்லாரையும் கூட்டிக்கினு வரச் சொல்றாரு." பக்கத்திலேயே இருக்கிற அப்பாவின் குரல் எதிர்முனைக்கும் கேட்டிருக்கும். இருந்தாலும் அம்மா சொன்னால்தான் அது அழைப்பு. ஒருமுறை அப்பா, "அந்த ஆளு வந்தா குடிச்சிட்டு ரகளை பண்ணுவான், அவன வரவேணாம்னு சொல்லு" என்றார். அம்மா போனில், "அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டாராம், அலைய வேணாம், நாங்களே வந்து பாக்கறோம்னு சொல்றாரு" என்றாள்.

அம்மா திருப்பிச் சொன்னாளா? இல்லை, திருத்திச் சொன்னாள். அப்பா சொன்னதில் பாதியை வெட்டி, இல்லாததைச் சேர்த்து, உறவு முறியாமல் ஒட்டிக் கொடுத்தாள். சினிமாவில் இந்த வேலைக்குப் படத்தொகுப்பு என்று பெயர் உண்டு, சம்பளம் உண்டு, பெயர்ப் பட்டியலில் இடம் உண்டு. எங்கள் வீட்டில் இதற்கு, "அவரு சொன்னாரு" என்றுதான் பெயர்.

அம்மா வெட்டியதெல்லாம் எங்கே போனது என்று யோசித்தபோதுதான் டிவிடியின் இணைப்புகளை மறுபடி பார்க்கத் தோன்றியது. 'கேலக்ஸி க்வெஸ்ட்' டிவிடியில் நீக்கப்பட்ட காட்சிகள் தனியே இருந்தன. பத்தாம் ஆண்டையொட்டி 2009இல் வந்த சிறப்புப் பதிப்பில் படம் உருவான கதை, தெர்மியன்கள் நடக்கவும் பேசவும் பழகிய விதம், வீவர் ராப் பாடும் ஒரு சிறு காணொளி என்று இன்னும் பல சேர்ந்தன. படம் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இவற்றைத் தொடுவதில்லை. எனக்கு இந்தத் தட்டில் படத்தைவிட முக்கியமாகப்பட்டது ஒரு நீக்கப்பட்ட காட்சி.

படத்தின் பின்பாதியில் க்வென்னின் உடை கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டே போகும். ஏன் திறந்தது, எப்படிக் கிழிந்தது என்று படம் சொல்வதில்லை. பார்வையாளரும் கேட்பதில்லை. ஓடும் பெண்ணின் உடை அவிழ்வது சினிமாவில் இயற்கை விதி. நீக்கப்பட்ட காட்சியைப் பார்த்தால்தான் காரணம் தெரிகிறது. எதிரிக் காவலாட்களை ஏமாற்ற வேண்டிய நேரத்தில் அவள், தன்னை இத்தனை ஆண்டுகள் எல்லாரும் எப்படிப் பார்த்தார்களோ அந்தப் பார்வையையே ஆயுதமாக எடுக்கிறாள். மயக்குவதுபோல் நடித்து அவர்களைத் திசைதிருப்புகிறாள். உடை திறந்தது அதனால்தான்.

அந்தக் காட்சியும் பெண்ணுடலைக் காட்டும் காட்சிதான் என்று என்னோடு வாதாடிய தோழிகள் உண்டு. அவர்கள் சொல்வது சரி. ஆனாலும் அதில் முடிவு எடுப்பவள் அவள். எப்போது, எதற்காக, யாரிடம் என்பது அவள் கணக்கு. காட்சியை வெட்டியபோது வெட்டுண்டது அந்த முடிவு மட்டும். திறந்த உடை அப்படியே படத்தில் தங்கிவிட்டது. பெண் செய்ததை நீக்கிவிட்டு, செய்ததால் அவள் உடலில் ஏற்பட்ட விளைவை மட்டும் வைத்துக்கொண்டது படம். பத்திரிகைக்காரன் தன் மார்பைப் பற்றி மட்டும் எழுதினான் என்று அவளைக் குறைபட வைத்த அதே படம் இதைச் செய்கிறது. பகடிக்கும் எங்கோ கண் அவிந்துவிடுகிறது.

இன்னொன்று படத்திலேயே இருக்கிறது. தளபதியும் க்வென்னும் ஒரு தாழ்வாரத்தைக் கடக்க வேண்டும். வழியெல்லாம் ராட்சத இரும்புக் கட்டைகள் மேலும் கீழும் மோதிக்கொள்கின்றன. எந்தக் காரணமும் இல்லாமல், தொடரில் இருந்தது என்பதற்காகவே கட்டப்பட்ட ஆபத்து. அதைப் பார்த்ததும் க்வென் வாய்விட்டுத் திட்டுகிறாள். நம் காதில் விழுவது குழந்தைகளோடு பார்க்கத்தக்க ஒரு மென்மையான சொல். உதடுகள் அசைவதோ கெட்ட வார்த்தைக்கு. குடும்பத்தோடு பார்க்கலாம் என்ற சான்றிதழுக்காகக் குரலை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். உதட்டை மாற்ற முடியவில்லை.

தமிழ்ப்படம் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது உடனே பிடிபடும். உதடு ஒன்று, குரல் ஒன்று என்பது நமக்குப் புதிதல்ல. நம் கதாநாயகிகள் பலர் பல்லாண்டுகளாக வேறு பெண்களின் குரலில்தான் பேசுகிறார்கள். முகம் வெளியூரிலிருந்து, குரல் சென்னை ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து. ஒரு பெண் வாயசைப்பாள். இன்னொரு பெண் பேசுவாள். வசனம் பெரும்பாலும் ஓர் ஆண் எழுதியது.

அறிவியல் புனைவில் நம் சினிமா எங்கே இருந்தது, எங்கே வந்து சேர்ந்தது என்று பார்த்தால் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. 1963இல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' வந்தது. அறிவியலில் முன்னேறி, கலையில் வறண்டுபோன வேற்றுக்கிரகத்துக்காரர்கள் பூமிக்கு வந்து ஒரு பெண்ணைத் தூக்கிப்போகிறார்கள். தங்களுக்கு இசை கற்றுத்தர ஆள் வேண்டும் என்பதற்காக. தூக்கிப்போவது அநியாயம்தான். ஆனால் அந்தக் கிரகத்துக்கு இல்லாத ஒன்று அவளிடம் இருக்கிறது. கணினி சொன்னதைச் சொல்ல அவளைக் கொண்டுபோகவில்லை. நடித்த பானுமதியோ சொந்தக் குரலில் பேசி, சொந்தக் குரலில் பாடி, படம் தயாரித்து, இயக்கவும் செய்தவர். 2010இல் 'எந்திரன்' வந்தபோது நாயகி மருத்துவ மாணவி. தேர்வு எழுத எந்திரன் உதவ வேண்டியிருந்தது. அவளுக்குப் பேசியதும் வேறொருவரின் குரல். 2018இல் '2.0' வந்தபோது நாயகியே எந்திரமாகிவிட்டாள். திருப்பிச் சொல்ல ஒரு பெண்ணும் தேவையில்லை, கணினிக்கே பெண் உருவம் கொடுத்துவிடலாம் என்ற இடத்துக்கு வந்துவிட்டோம். பகடிக்கு மீதி என்ன இருக்கிறது?

எனக்குள்ள குறை வேறு. எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைத்த தமிழ்ப்பட டிவிடிகளில் இணைப்பு என்று எதுவும் இருந்ததில்லை. ஒரே தட்டில் மூன்று படம் இருக்கும். நடுவில் நகைக்கடை விளம்பரம் இருக்கும். நீக்கப்பட்ட காட்சி இருக்காது. குரல் கொடுத்தவரின் பேட்டி இருக்காது. எது வெட்டப்பட்டதோ அது வெட்டப்பட்டதுதான்.

அதன் விலை என்ன என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1993இல் ஃபாசில் இயக்கிய மலையாளப் படம் 'மணிச்சித்ரதாழ்'. ஷோபனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம். அதில் கங்கா என்ற மலையாளப் பெண்ணுக்குள்ளிருந்து நாகவல்லி என்ற தமிழ் நடனக்காரி கிளம்பி வந்து தமிழில் சீறுவாள். படத்தில் கங்காவுக்குக் குரல் கொடுத்தவர் பாக்யலட்சுமி. நாகவல்லிக்கும் அவர்தான் பேசினார் என்றே இருபது ஆண்டுகளுக்கு மேல் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அந்தத் தமிழ்ச் சீற்றம் துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞருடையது என்பதை இயக்குநர் எழுதி வெளிப்படுத்தியது 2016இல். பக்கத்து மாநிலமே நடுங்கிய ஒரு குரலின் சொந்தக்காரி 23 ஆண்டுகள் பெயரில்லாமல் இருந்திருக்கிறார். படத்தோடு அரைமணி நேர இணைப்பு ஒன்று இருந்திருந்தால், அதில் ஒரு நிமிடம் அவர் ஒலிவாங்கி முன் நின்றிருந்தால், இந்தக் கதையே வேறு.

கேலி செய்யும் உரிமை நம் மண்ணில் இல்லாமல் இல்லை. கூத்தில் கட்டியக்காரன் ராஜாவையே நிறுத்தி, நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று கேட்பான். துரியோதனன் தொடையைத் தட்டிக்கொண்டு பெருமை பேசும்போது பக்கத்தில் நின்று காலை வாருவான். விண்வெளித் தளபதியை அமெரிக்கப் படம் கேலி செய்தது என்றால், நம் ஊரில் மாரதர்களையும் மகாரதர்களையும் தலைமுறை தலைமுறையாகக் கேலி செய்து வந்திருக்கிறோம். ஆனால் கட்டியக்காரனும் ஆண்தான். வழக்கமாகப் பெண்வேடம் கட்டுபவரும் ஆண்தான். ராஜாவின் அதிகாரத்தைக் குத்திய அதே நாக்கு, பெண்வேடம் திரை விலக்கி வந்ததும் இடுப்பையும் ரவிக்கையையும் குத்தப் போய்விடும். பாஞ்சாலியின் கேள்விக்குச் சபைப் பெரியவர்கள் சரியான பதில் சொல்லாத அந்த இரவிலும், அதற்குச் சற்று முன்பு வரை சிரிப்பு பெண்ணைப் பார்த்துத்தான் பாயும். பகடி மேலே உள்ளவரைப் பார்த்துக் கேள்வி கேட்கும்போது எனக்கு அது வேண்டும். ஏற்கெனவே பேச விடப்படாதவளின் உடம்பைப் பார்த்துச் சிரிக்கும்போது, அது ராஜாவின் வேலையைத்தான் செய்கிறது.

இதெல்லாம் சினிமா, கூத்து என்று விட்டுவிடவும் முடியவில்லை. தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகளில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு 2016இல் சட்டமானது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு இங்கே ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்தது. நாற்காலிகளில் பாதி பெண்களுக்கு. கூட்டங்களுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சில இடங்களில் தலைவர் பேசுகிறார். சில இடங்களில் தலைவரின் கணவர் பேசுகிறார், தலைவர் திருப்பிச் சொல்கிறார். இரண்டாவது வகையைப் பார்த்து ஊர் சிரிக்கிறது. 'பொம்மைத் தலைவி' என்கிறது. பேச விடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அந்தப் பெண்களில் சிலராவது எங்கள் அம்மாவைப் போலத் திருத்திச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். எந்தத் தெருவுக்குக் குழாய், யாருக்கு வேலை அட்டை என்பதைக் கணவர் சொன்னபடியே சொல்லாமல் இரண்டு பெயரை நைசாகச் சேர்த்திருப்பார்கள். தீர்மானப் புத்தகத்தில் அது பதிவாகாது. நீக்கப்பட்ட காட்சி அது.

'கேலக்ஸி க்வெஸ்ட்' எனக்குப் பிடித்த படம். அது முழுதாகத் துணியவில்லை என்பதும் தெரியும். கடைசியில் க்வென் தளபதியின் காதலியாகத்தான் முடிகிறாள். நின்றுபோன தொடர் புதிதாக மறுபடி தொடங்கும்போது யாரும் அவளுக்கு வேறு வேலை கொடுத்ததாகத் தெரியவில்லை. ஆனால் அந்தப் படம் ஒரு வேலையைச் சரியாகச் செய்தது. திருப்பிச் சொல்வதை ஒரு வேலை என்று அவள் வாயாலேயே சொல்ல வைத்தது. வேலை என்று பெயர் வைத்தால்தான் அது மடத்தனமானது என்று சொல்ல முடியும், மாற்றித் தா என்று கேட்க முடியும். உதவி, பழக்கம், பெண்குணம் என்று அழைக்கும் வரை எதுவும் கேட்க முடியாது.

வகுப்பில் பெண்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு. செலவில்லாதது. ஏதாவது ஒரு தமிழ்ப்படத்தில் கதாநாயகி வரும் ஐந்து நிமிடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் ஒலியை அணைத்துவிட்டு உதட்டை மட்டும் பார்க்க வேண்டும். அடுத்தது படத்தை மறைத்துவிட்டுக் குரலை மட்டும் கேட்க வேண்டும். அந்தக் குரல் யாருடையது என்று தேடிக் கண்டுபிடித்துக் குறிப்பேட்டில் எழுதி வர வேண்டும். சிலருக்கு ஒரு நாளில் பெயர் கிடைத்துவிடும். சிலர் மூன்று வாரம் தேடியும் வெறும் பக்கத்தோடு வருவார்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டாம், தலைப்பை மட்டும் எழுதி அப்படியே வைத்திருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.